முத்திரையும் மையும்: வாழ்த்து அட்டைக்குள் ஒரு வரலாறு

ஸ்டாம்பு என்ற ஒரே சொல்லைக் கொண்டு தமிழ்நாட்டில் நாம் மூன்று வேறு பொருள்களைச் சுட்டி வருகிறோம். கடித உறையில் ஒட்டும் அஞ்சல்தலை ஒன்று. பத்திரப் பதிவுக்கு வாங்கும் முத்திரைத்தாள் மற்றொன்று. மையில் ஒற்றித் தாளில் பதிக்கும் ரப்பர் ஸ்டாம்பு மூன்றாவது. இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. அதிலும் வட்டாட்சியர் அலுவலக மேசைமேல் கிடக்கும் வட்ட முத்திரையைப் பற்றியதன்று. தம் கையாலேயே வாழ்த்து அட்டை செய்து அனுப்பும் அன்பர்கள் பூவும் கொடியும் பறவையும் பதிக்கக் கையாளும் அச்சுகளைப் பற்றியது.

இவ்வச்சுகளை எப்படித் தேர்வது, எப்படிக் காப்பது என்று கேட்டால் விற்பவர்கள் விதிகளாகவே விடை சொல்வார்கள். வெயில் படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, மடக்கி வைக்கக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடாது. ஏன் என்று கேட்டால் விடை வராது. அந்த ஏன் என்பதற்கான விடை கடையில் இல்லை. வரலாற்றில் இருக்கிறது என்பதே நம் கருத்து. ஒரு கருவி எதிலிருந்து வந்தது, யார் கைகள் வழியாக வந்தது என்று அறிந்தவர்க்கு அதை எப்படி வைத்துக்கொள்வது என்பது தானே விளங்கிவிடும். வழியில் சில கசப்பான செய்திகளையும் கடந்தாக வேண்டும்.

பொறித்தல் என்ற வினை தமிழில் மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கும் பண்டங்களுக்கும் ஏறிச்செல்லும் பண்டங்களுக்கும் சோழனின் புலிச் சின்னம் பொறிக்கப்படுவதைக் காண்கிறோம். சுங்கத்துறை முத்திரை என்று இன்று நாம் சொல்வதன் மூத்த உருவம் அது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலும் வணிகர் தம் பெயர் பொறித்த மூட்டைகள் வருகின்றன. இவற்றைக் காட்டிலும் நம்மை ஈர்ப்பது அகநானூற்றின் 77ஆம் பாடல். ஊர்த் தேர்தலுக்கான ஓலைகள் இட்ட குடத்தைக் கயிற்றால் கட்டி முத்திரையிட்டிருக்கிறார்கள். அலுவலர்கள் முத்திரையைச் சரிபார்த்து, அதன்பின் உடைத்து, உள்ளிருக்கும் ஓலைகளை எடுக்கிறார்கள். வீழ்ந்துபட்டவர் உடலிலிருந்து கழுகு குடலை இழுக்கும் பாலைக் காட்சிக்கு மருதன் இளநாகனார் இதை உவமையாக்குகிறார். அச்சம் தரும் அந்த உவமைக்குள் ஓர் ஆட்சிமுறைச் செய்தி பொதிந்து கிடக்கிறது. முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குடத்தைத் திறக்க வேண்டும் என்ற நெறி அன்றே இருந்திருக்கிறது.

இவற்றுக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை சிந்துவெளி முத்திரைகள். மாக்கல்லில் இடவலமாக மாற்றிச் செதுக்கி, சூடேற்றிக் கடினப்படுத்தியவை. பெரும்பாலானவை சதுரமானவை, கட்டைவிரல் நுனியைவிடச் சற்றே பெரியவை. அவற்றின் முகத்தில் உள்ள எருதையும் எழுத்தையும் பற்றி எழுதிய அளவுக்கு முதுகைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முதுகில் ஒரு குமிழும் அதில் ஒரு துளையும் உண்டு. கயிறு கோத்துக் கொள்வதற்கான துளை அது. முத்திரையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நாம் அறிந்த மிகப் பழைய விடை இதுவாகத்தான் இருக்க வேண்டும்: உடையவன் உடம்போடு. லோத்தலின் பண்டகசாலைப் பகுதியில் கிடைத்த களிமண் பதிவுகளின் பின்புறத்தில் பாயின் நெசவும் கயிற்றின் முறுக்கும் பதிந்திருக்கின்றன. மூட்டையின் கட்டின்மேல் ஈரமண்ணை அப்பி, அதன்மேல் முத்திரையை அழுத்தியிருக்கிறார்கள்.

முத்திரையை உடம்போடு வைக்காதவனுக்கு என்ன நேரும் என்பதற்கு விசாகதத்தர் ஒரு நாடகமே எழுதினார். முத்ராராக்ஷசம் என்ற வடமொழி நாடகத்தில் அமைச்சன் ராட்சசனின் கணையாழி சாணக்கியன் கைக்குப் போய்விடுகிறது. பிறகு அந்த மோதிரத்தைக் கொண்டே அவனுடைய வலையை அவனைச் சுற்றிப் பின்னிவிடுகிறான் சாணக்கியன். நாடகத்தின் பெயரிலேயே முத்திரை வந்து அமர்ந்துவிட்டது.

சோழர் செப்பேடுகளில் இந்த மரபு உச்சம் தொடுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளும் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன. வளையம் பிரிக்க முடியாதபடி அரச முத்திரை அதன் இணைப்பின்மேல் இருக்கிறது. புலி, இணைக்கயல், வில் மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் கண்டு மகிழலாம். ஆனால் நம் பொருளுக்கு வேண்டியது வேறொரு நுட்பம்.

மேலே சொன்ன எல்லாவற்றிலும் முத்திரை கடினமானது. அதை ஏற்கும் பொருள் மென்மையானது. கல் கடினம், களிமண் மென்மை. பொன் மோதிரம் கடினம், அரக்கு மென்மை. மையும் தாளும் வந்தபோது இந்த உறவு சிக்கலாயிற்று. மண் குழைவதுபோலத் தாள் குழையாது. கடினமான முத்திரையைக் கடினமான மேசைமேல் உள்ள தாளில் அழுத்தினால் மேடான இடங்கள் மட்டும் பதியும். பள்ளங்கள் வெறுமையாக நிற்கும். ஆகவே எங்காவது ஓரிடத்தில் மென்மையைப் புகுத்தியாக வேண்டும்.

துணியில் மரக்கட்டையால் அச்சிடுவோர் மென்மையை மேசையில் புகுத்தினார்கள். குஜராத்தின் பேத்தாப்பூரில் அச்சுக்கட்டை செதுக்குவோரும், மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் கலம்காரி அச்சிடுவோரும் கையாளும் முறைகளைப் பார்த்தால் இது விளங்கும். அச்சிடும் மேசையின்மேல் சாக்கும் துணியும் பல அடுக்காக விரித்து மெத்தைபோல் ஆக்கிவிடுவார்கள். கட்டை தேக்குமரத்தால் ஆனது. செதுக்கி முடித்த புதுக்கட்டையைப் பல நாள்கள் எண்ணெயில் ஊறவைத்த பிறகே வேலைக்கு எடுப்பார்கள். மரத்தின் நரம்பு பதப்படவும், பின்னாளில் சாயநீரைக் குடித்து வெடிக்காமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. கட்டையின் உடலில் குறுக்கே சிறு துளைகளும் இடுவார்கள். அவை அழகுக்கல்ல, அடியில் சிக்கும் காற்றும் மிகுந்த சாயமும் வெளியேறுவதற்கு. இன்று இக்கட்டைகளை வாங்கி வாழ்த்து அட்டையில் பதித்துப் பார்க்கும் அன்பர்கள் பலர், பதிவு திட்டுத் திட்டாக வருகிறதே என்று வருந்துகிறார்கள். குறை கட்டையில் இல்லை. அட்டைக்கு அடியில் நாலைந்து மடிப்புச் செய்தித்தாளோ கனமான துணியோ இட்டால் போதும்.

ரப்பர் செய்த புரட்சி, மென்மையை முத்திரைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்ததுதான். தாள் குழையாவிட்டால் என்ன, முத்திரை குழைந்து கொடுக்கும். கடினப் பொறி, மென்மையான ஏற்பி என்ற நாலாயிரம் ஆண்டுக்கால ஏற்பாடு தலைகீழாயிற்று.

அது எளிதில் நடந்துவிடவில்லை. தென் அமெரிக்கக் காடுகளில் வடிந்த மரப்பால் ஐரோப்பாவுக்கு முதலில் ஒரு வேடிக்கைப் பொருளாகவே போய்ச் சேர்ந்தது. காரீயப் பென்சில் கோட்டை அது நன்றாக அழிக்கிறது என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் குறித்து வைத்தார். தேய்ப்பது என்ற வினையிலிருந்தே ஆங்கிலத்தில் அதற்கு ரப்பர் என்ற பெயர் வந்தது. (எழுதியதை அழிக்கப் புகழ்பெற்ற பொருளே பின்னாளில் எழுத்தைப் பதிக்கவும் வந்தது விந்தைதான்.) கோடையில் உருகி ஒட்டும், குளிரில் உடையும் என்பது இயற்கை ரப்பரின் குணம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1839இல் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் கருகி உறுதிப்படுவதைக் கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அவரை முந்திக்கொண்டார். வழக்குகளிலும் கடனிலும் அலைக்கழிந்த குட்இயர், 1860இல் இறந்தபோது விட்டுச் சென்றது ஏறத்தாழ 2 லட்சம் டாலர் கடன். அவர் பெயரில் இன்று புகழ்பெற்றிருக்கும் டயர் நிறுவனத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் உறவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத் தோன்றிய நிறுவனம் அது.

கந்தகம் மிகுதியாகச் சேர்த்தால் ரப்பர் கொம்புபோல் இறுகிவிடும். இதற்கு அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றார். அந்த இறுகிய ரப்பரைப் பல் மருத்துவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பொய்ப்பல் வரிசையைத் தாங்கும் ஈறுத் தகடு செய்ய அது மிக வாய்ப்பானது; பொன் தகட்டைவிட எத்தனையோ மடங்கு மலிவு. ரப்பரை அச்சில் இட்டு நீராவி அழுத்தத்தில் வேகவைக்கும் சிறு கொப்பரை ஒன்று பல் மருத்துவர்தம் அறைதோறும் குடியேறியது. காப்புரிமைக் கட்டணம் கேட்டு மருத்துவர்களை விரட்டி விரட்டி வழக்குத் தொடுத்த நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கன் என்பவரை, 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் சுட்டே கொன்றுவிட்டார். இதை ஒரு கிளைக்கதையாகவே சொல்லி நகர்கிறோம்.

அந்தக் கொப்பரையில்தான் ரப்பர் முத்திரை பிறந்தது. 1860களில் இது நிகழ்ந்தது. நியூயார்க் மாநிலத்து ஆபர்னைச் சேர்ந்த ஜேம்ஸ் உட்ரஃப், இல்லினாய் மாநிலத்து விதரல் முதலிய பலர் தாமே முதல்வர் என உரிமை கோரியிருக்கிறார்கள். முதல்வர் யார் என்ற பூசலை ஆய்வாளரிடம் விட்டுவிடலாம். முறை எல்லோருக்கும் ஒன்றுதான். ஈய எழுத்துகளைக் கோத்து, அதன்மேல் பாரிஸ் சாந்தை ஊற்றி, இறுகியதும் பெயர்த்து எடுத்தால் எழுத்துகளின் பள்ள வடிவம் கிடைக்கும். வேகாத ரப்பர்த் தாளை அப்பள்ளத்தில் அழுத்தி, கொப்பரையில் வேகவைத்து எடுத்தால் முத்திரை. மரப்பிடியில் ஒட்டினால் வேலை முடிந்தது. நம் ஊர்களில் நீதிமன்ற வாசல்களிலும் பதிவு அலுவலகத் தெருக்களிலும் ரப்பர் ஸ்டாம்பு செய்து தருவோர், கணினியும் ஒளியால் இறுகும் பாலிமரும் வருவதற்கு முன்புவரை ஏறக்குறைய இம்முறையைத்தான் கையாண்டார்கள்.

மையின் கதையும் இதே காலத்தது. 1856இல் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று, எதிர்பாராமல் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன் வழிவந்த அனிலின் சாயங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. அச்சகத்து மை எண்ணெயில் கரைத்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பெருத்துக் கோடுகள் மழுங்கும். எனவே ரப்பர் முத்திரைக்கு நீரும் கிளிசரினும் கலந்த சாய மை வேண்டியிருந்தது. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மைத்திண்டு உலராது. அரசு அலுவலகங்களில் காணும் ஊதா நிறத்தின் வரலாறு இது. இன்றும் அஞ்சலகத்து உலோக முத்திரைக்கான மையும் ரப்பர் முத்திரைக்கான மையும் வேறு வேறு. கடையில் மை வாங்கும்போது இந்த ஒன்றைக் கேட்டு வாங்கினாலே முத்திரையின் ஆயுள் கூடிவிடும்.

வாழ்த்து அட்டையின் வரலாறு இதனோடு சேராமல் தனி வழியில் நடந்தது. 1840 சனவரி 10 அன்று பிரிட்டனில் ஒரு பென்னிக்கு எங்கும் கடிதம் அனுப்பலாம் என்ற முறை வந்தது. அதற்காக உழைத்தவர்களுள் ஒருவரான ஹென்றி கோல் 1843இல் தமக்கு வந்து குவியும் கிறிஸ்துமஸ் கடிதங்களுக்கெல்லாம் விடையெழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரைந்து வாங்கினார். கல்லச்சில் ஏற்றி, கையால் வண்ணம் தீட்டி, ஏறத்தாழ 1000 படிகள் எடுத்தார். மிகுந்தவை ஓர் அட்டை ஒரு ஷில்லிங் வீதம் விற்பனைக்குப் போயின. அன்றைய தொழிலாளி ஒருவருக்கு அது கட்டுப்படியாகும் விலையன்று. படத்தில் ஒரு குடும்பமே மதுக்கிண்ணம் ஏந்தியிருந்தது. குழந்தையும் ஒரு வாய் பருகுவதுபோல் வரைந்துவிட்டார் ஹார்ஸ்லி. மதுவிலக்காளர் கொதித்தெழுந்தார்கள். முதல் அச்சுக் கிறிஸ்துமஸ் அட்டையே கண்டனத்தோடுதான் பிறந்தது. கவனிக்க வேண்டியது: அது நேரமின்மையால் பிறந்தது. கைக்கடிதத்துக்கு மாற்றாக வந்ததுதான் அச்சட்டை. இன்று அச்சட்டைக்கு மாற்றாகக் கையட்டை செய்கிறோம் என்றால், காலம் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது.

அலுவலக முத்திரையை அதிகாரத்தின் கையிலிருந்து பறித்து விளையாட்டுப் பொருளாக்கியவர்கள் ஓவியர்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919இல், ஜெர்மனியின் ஹானோவரில் கர்ட் ஷ்விட்டர்ஸ் அலுவலக முத்திரைகளை ஓவியத் தாளில் தாறுமாறாகப் பதித்துப் படங்கள் செய்தார். ஆணையும் அனுமதியும் அச்சடித்தே ஒரு தலைமுறையைச் சாகவிட்ட அரசாங்கங்களைப் பார்த்தவரின் சிரிப்பு அது என்றே நாம் படிக்கிறோம். 1960களில் ரே ஜான்சன் முதலியோர் அஞ்சல்வழிக் கலையை வளர்த்தபோது முத்திரை அவர்களுடைய விருப்பக் கருவியாயிற்று. 1974இல் பாரிஸில் ஹெர்வே ஃபிஷர் ஓவியர்களின் முத்திரைகளைத் திரட்டி நூலாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் பூவும் பூனையும் நிலவும் பொறித்த முத்திரைகள் வீட்டு மேசைகளுக்கு வந்து சேர்ந்தன. நாம் இன்று கைவினைக் கடையில் காணும் அச்சுகள் இந்தக் கிளையில் பூத்தவை.

இனி நாம் தள்ளிப்போட்டு வந்த செய்திக்கு வருவோம். அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது?

முதல் முத்திரைகளின் ரப்பர் அமேசான் காட்டு மரங்களில் வடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிதிவண்டிச் சக்கரமும் மோட்டார்ச் சக்கரமும் ரப்பரை விழுங்கத் தொடங்கியபோது, காங்கோவில் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சி ரப்பருக்காக மக்களின் கைகளையே வெட்டியது. 1908இல் அந்த நாட்டை அரசரிடமிருந்து பெல்ஜிய அரசு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு உலகின் கண்டனம் வலுத்தது. இதற்கிடையே 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளுள் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் ஊன்றப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. அங்கே தாவரவியல் தோட்டப் பொறுப்பில் இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். தோட்டக்காரர்களின் சட்டைப்பையில் விதைகளைத் திணித்துத் திணித்து அவரைப் பித்தர் என்றே அழைக்க வைத்துவிட்டார்.

பித்தர் வென்றார். பால் சீவ ஆள் வேண்டுமே! மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் தமிழர். 1910இல் ஒப்பந்தக்கூலி முறை நிறுத்தப்பட்ட பிறகும் கங்காணி முறையில் ஆள்சேர்ப்பு தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது ஓயவில்லை. விடியுமுன் எழ வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்து, பட்டையில் சரிவாக ஒரு சீவல் சீவி, கிண்ணத்தில் பால் சொட்டுவதைப் பார்த்து அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். பாலை அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் நீட்டி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டால் வரிவரியான பழுப்புத் தாள்களாகும். உலகச் சந்தைக்கு ரப்பர் சென்ற உருவம் அது. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலைப் படித்தோர்க்கு இவ்வுலகம் புதிதன்று. குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளர் இன்றும் அதிகாலையில் இப்படித்தான் இறங்குகிறார்கள்.

முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சிவிட்டது. அதன்பின் உலகின் எந்த மூலையில், எந்த அதிகாரி, எந்த ஆணையின்மேல் ரப்பர் முத்திரையைக் குத்தினாலும், அதில் ஒரு தமிழ்க் கூலியின் விடியற்காலை இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. அவருடைய கப்பல் சீட்டின்மேலும், துறைமுகத்துத் தனிமை முகாமின் தாளின்மேலும் குத்தப்பட்ட முத்திரைகளும் அவற்றுள் அடங்கும். கைவினைப் பொருள்களைப் பற்றி வரும் கட்டுரைகளில் இச்செய்தி ஏன் ஓரிடத்தும் தென்படுவதில்லை என்பது நமக்கு இன்றும் வியப்பே.

தமிழரின் வாழ்த்து அட்டை என்றால் பொங்கல் அட்டைதான். கரும்பும் பானையும் சூரியனும், திரைநடிகரும், கட்சித் தலைவரும் அச்சான அட்டைகள் மார்கழி பிறந்ததும் கடை வாசல்களில் கயிற்றில் தொங்கும். கைப்பேசிச் செய்தி வந்த பிறகு அவ்வழக்கம் தேய்ந்தது. அதன் இடத்தில் மாணவரும் இளம்பெண்களும் கையட்டை செய்ய முன்வந்திருப்பதை எம் கல்லூரியிலும் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அவர்கள் பதிக்கும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களே. காரணம் பற்றின்மை மட்டுமன்று. கணக்கும் ஒரு காரணம். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து முத்திரைகள் போதும். தமிழுக்கு உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, கொம்பு, கால் முதலிய தனிக்குறிகள் 4 என்று 53 ஆகும். இத்தோடு முடிந்தால் நன்று. இகர, ஈகார, உகர, ஊகாரக் குறிகள் எழுத்தோடு ஒட்டியே நிற்பதால் 18 மெய்க்கும் நான்கு வீதம் 72 வேண்டும். ஆக 125; வடவெழுத்துகள் தனி. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றியிராவிட்டால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும். ஈய எழுத்துக் கோத்த அச்சகத் தொழிலாளர் இந்தச் சுமையை நாள்தோறும் சுமந்தவர்கள். வாழ்த்து அட்டைக்கு ஒரு நல்வழி உண்டு. எழுத்துகளாக வாங்காமல் சொற்களாகச் செய்து வாங்குவது. 'பொங்கல் வாழ்த்து', 'அன்புடன்', 'மணநாள் வாழ்த்து' என்று நான்கைந்து சொற்றொடர்களை நல்ல கையெழுத்துள்ள ஒருவரிடம் எழுதி வாங்கி, ஊரிலுள்ள ஸ்டாம்பு செய்பவரிடமே கொடுத்தால் செய்து தருவார். கடையில் தொங்கும் வெளிநாட்டு அட்டைத் தொகுதியைவிட இதுவே அழகு என்பது நம் துணிபு.

தேர்வைப் பற்றி இனிச் சொல்ல மிகுதியில்லை. மெல்லிய கோடுகளும் நுண்ணிய இறகுகளும் உள்ள படத்துக்கு மரப்பிடியில் ஒட்டிய இயற்கை ரப்பரே சிறந்தது. கோடுகளுக்கு இடையிலான பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று விரல்நகத்தால் பார்த்து வாங்க வேண்டும். பள்ளம் ஆழமில்லையேல் தரையிலும் மை ஏறி அட்டையை அழுக்காக்கும். ரப்பருக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய பஞ்சு அடுக்கு இருப்பது நல்லது. அச்சுத்துணி மேசையின் மெத்தை செய்த வேலையை அது செய்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த பாலிமர் அச்சுகள் அச்சுத் தகட்டுத் தொழிலிலிருந்து வந்தவை. புறஊதா ஒளியால் இறுக்கப்பட்டவை. எங்கே பதிக்கிறோம் என்பது அவற்றினூடே தெரிவதால் சொற்களைப் பதிக்க அவையே வசதி. முழுக் கருமையாக நிரம்பிய பெரிய உருவங்களைத் தொடக்கத்தில் வாங்காதிருப்பது நன்று. அவற்றில் மை சீராக ஏறுவதற்குப் பழக்கம் வேண்டும். அச்சுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பத்தை மட்டும் கையாள்வோரை நிறையவே காண்கிறோம்.

காத்தல் முறைக்கு மேலே சொன்ன வரலாறே உரை. கந்தகத்தால் உறுதியாக்கிய ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலிகள், வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் மெல்ல அறும். வளைந்தும் இழுபட்டும் இருக்கும் ரப்பரில் விரிசல் முதலில் தோன்றும். ஆகவே பிடியில்லாத ரப்பர்த் தாள்களைச் சுருட்டி வைக்காமல் தட்டையாக வைக்க வேண்டும்; மின்மோட்டார் ஓடும் இடத்துக்கு அருகில் வைக்கக்கூடாது. நம் வீடுகளில் பழைய பித்தளைப் பெட்டியில் எதையும் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. செம்பு ரப்பருக்குப் பகை. அது ரப்பர் மூப்பதை விரைவுபடுத்தும். பித்தளையிலும் செம்பு இருக்கிறது. மரப்பெட்டியோ கனத்த அட்டைப்பெட்டியோ போதும். மரப்பிடி முத்திரைகளை ஒரே அடுக்காக, ரப்பர் முகம் கீழே படுமாறு பரப்ப வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் அடியில் உள்ளதன் முகம் பாரத்தால் நசுங்கும். பதித்த உடனே ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொட்டுத் துடைப்பது அலுவலகப் பழக்கம். வீட்டுக்கு அது வேண்டா. மரப்பிடியை நீரில் முக்கக் கூடாது, பசை விட்டுவிடும். கடற்கரை ஊர்களில் இந்த எச்சரிக்கை இருமடங்கு தேவை.

பாலிமர் அச்சுகளை அவை வந்த தாளிலேயே மீண்டும் ஒட்டி, பழைய குறுந்தகட்டுப் பெட்டிகளில் நூல்போல் நிறுத்தி வைக்கலாம். குறுந்தகடுகள் பயனற்றுப் போன காலத்தில் அப்பெட்டிகளுக்கு இது நல்ல மறுவாழ்வு. மென்மையான பி.வி.சி. உறைகளில் வைத்தால் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுக்கும். ஜன்னலோரம் ஆகாது, ஒளியால் இறுகியது மேலும் ஒளிபட்டால் கடினமாகிப் பிளக்கும். மை ஏறி நிறம் மங்குவது மட்டும் குறையன்று, பதிவு கெடாது.

எல்லாவற்றுக்கும் ஓர் ஏடு வைத்துக்கொள்ள வேண்டும். கோடிடாத குறிப்பேடு ஒன்றில் ஒவ்வொரு முத்திரையையும் ஒருமுறை பதித்து, அருகில் வாங்கிய ஆண்டையும் இருக்கும் பெட்டியின் எண்ணையும் எழுதிவிட வேண்டும். தேடும்போது பெட்டிகளைக் கவிழ்க்க வேண்டியதில்லை. ஏட்டுக்குப் பூச்சி வராமல் இருக்க நாப்தலின் உருண்டைக்கு மாறாகக் காய்ந்த வேப்பிலையோ, சுவடி காத்த நம் முன்னோர் வைத்த வசம்போ வைக்கலாம்; நாப்தலின் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே முத்திரையைப் பழைய பதிவின் அருகிலேயே மீண்டும் பதித்துப் பார்த்தால், ரப்பர் எவ்வளவு மூத்திருக்கிறது என்பது இரு பதிவுகளுக்கும் இடையே தெரிந்துவிடும்.